ரெண்டு புள்ளியால தவறின இஞ்சினியர்

யன்னல் பக்கம் நீரே இரும், பிள்ளை. எனக்குக் காத்துப் பட்டால் காதுக்குள்ள இரையும். இந்தப் பையை மட்டும் காலடியில வைக்கிறன், பயித்தம்பணியாரம் கிடக்கு, ஆரும் மிதிச்சால் மாவாப் போடும். சரி. இனிக் கொழும்பு, வெள்ளவத்தை வரும் மட்டும் அசையத் தேவையில்லை.

உதென்ன மடியில, விடைத்தாளே? ரீச்சரே நீர்? பாத்தால் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறீர். என்ன பாடம்? கணிதமோ. ஏ.எல்லுக்கோ.

கொஞ்சம் பொறும், ஒரு வாய் தண்ணி குடிக்கிறன்.

இல்லை, ஒண்டுமில்லை. இந்தப் பஸ்ஸில இவ்வளவு சீற் கிடக்க, ஒரு கணக்கு ரீச்சருக்குப் பக்கத்தில எனக்கு இடம் விழுந்திருக்கு. என்ர பையில பணியாரத்துக்குக் கீழ என்ன கிடக்கெண்டு நினைக்கிறீர்? நாலு கொப்பி. நூற்றியிருபது பக்கக் கொப்பி நாலு, முழுக்கத் தூய கணிதம். எல்லாம் நான் செய்த கணக்கு. எனக்கு எழுபத்தொரு வயசு. சிரியும், பரவாயில்லை. மகள் சிரிச்சுச் சிரிச்சு இப்ப களைச்சுப் போனாள்.

இப்ப இணைந்த கணிதமெண்டு சொல்லுறது, தெரியும். எங்கட காலத்தில தூய கணிதம் வேற, பிரயோக கணிதம் வேற. இப்ப ரெண்டுக்கும் கலியாணம் கட்டி வைச்சிட்டினம். எனக்கு அப்ப தூயத்தோடயே குடும்பம் நடத்த ஏலாமல் போச்சு, அது வேற கதை. வேற கதை என்ன, அது தான் கதை.

என்ர பேர் பராசக்தி. ஆனால் எங்கட ஒழுங்கையில வந்து பராசக்தி வீடு எதெண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சினியர் அம்மம்மா வீடெண்டு கேக்கோணும். எழுபத்திமூண்டில, கம்பஸ் போறதுக்கான ஏ.எல். சோதனை எழுதி, ரெண்டே ரெண்டு புள்ளியால இஞ்சினியரிங் தவறின ஆள் நான். தரப்படுத்தல் எண்டு கேள்விப்பட்டிருப்பீர். எங்கட தமிழ்ப் பிள்ளையளுக்குக் கம்பஸுக்குள்ள போற வெட்டுப்புள்ளியை அரசாங்கம் கூட்டிப் போட்டுது, எத்தினை பேர் கம்பஸ் வாசலோட திரும்பி வந்தவை. அதில நானும் ஒருத்தி. ரெண்டு புள்ளி. அம்பது வருசத்துக்கு மேலயா இதைத்தான் சொல்லிக் கொண்டு வாறன். கலியாண வீடு, செத்த வீடு, பல்லுப் புடுங்கப் போன இடம், ஒண்டும் விடேல்லை. பல்டொக்ரர் வாயைத் திறவுங்கோ எண்டவர், நான் திறந்து இதைச் சொன்னன்.

சுத்தப் பொய், பிள்ளை.

தரப்படுத்தல் பொய்யில்லை, அது நடந்தது. ரெண்டு புள்ளி தான் பொய். எனக்குத் தூய கணிதம் F. பெயில்.

ஏன் இப்பிடிப் பாக்கிறீர்? நீர் தான் முதல் ஆள். என்ர மனுசன், குணநாயகம், போஸ்ற் மாஸ்ரரா இருந்தவர், ஊருக்கு வாற கடிதமெல்லாம் அவருக்குத் தெரியும், இது தெரியாமலே போய்ச் சேந்திட்டார். நல்ல மனுசன். பலாப்பழம் மட்டும் வீட்டுக்குள்ள கொண்டுவர விடமாட்டார், அந்த மணத்துக்குத் தலையிடிக்குமாம். நான் களவாப் பக்கத்து வீட்டில போய்ச் சாப்பிடுறனான். பாரும், அவருக்கு ஒளிச்சது ரெண்டு விசயம், பலாப்பழமும் F உம்.

எப்பிடிப் பெயில் விட்டனான் எண்டு சொல்லட்டே? நீர் படிப்பிக்கிற ஆள், உமக்குப் பிரயோசனப்படும்.

எங்களுக்கு அருளம்பலம் மாஸ்ரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், கையெல்லாம் சோக்குத் தூள். அவர் கணக்குக்கெல்லாம் நம்பர் போட்டு வைச்சிருந்தவர். ஒண்டிலயிருந்து நூற்றிப்பன்னிரண்டு மட்டும். இந்த நூற்றிப்பன்னிரண்டும் தெரிஞ்சால் சோதனையில எதுவும் செய்யலாம் எண்டு சொன்னவர். மற்றப் பிள்ளையள் அதைக் கேட்டு, செய்து பழகிச்சினம். நான் என்ன செய்தன்? பாடமாக்கினன். நூற்றிப்பன்னிரண்டையும். தேவாரம் மாதிரி. மாஸ்ரர் 'முப்பத்தேழு' எண்டுவார், நான் எழும்பி நிண்டு, 'தரப்பட்ட சமன்பாட்டின் மூலங்கள் அல்பா, பீற்றா என்க' எண்டு துவங்கி, 'ஆகவே நிறுவப்பட்டது' மட்டும் மூச்சு விடாமல் சொல்லுவன். கமா எங்க, புள்ளி எங்க எல்லாம் தெரியும். எண்பத்திநாலாம் கணக்கில மாஸ்ரர் ஒரு இடத்தில பிழையா எழுதி வெட்டினவர், நானும் அந்த இடத்தில எழுதி வெட்டுவன். வகுப்பில எனக்குத்தான் மதிப்பு. மாஸ்ரர் சொல்லுவார், 'பராசக்தியின்ர மூளை அச்சுக்கூடம்' எண்டு. அது புகழ்ச்சி எண்டு நினைச்சிட்டன், பிள்ளை.

சோதனையும் வந்துது. ஆறு கேள்வி செய்யோணும். முதல் கேள்வி, சமன்பாடு. அட, முப்பத்தேழு. சந்தோசத்தில பேனை மூடியைக் கழட்டி வாசிக்கிறன், 'மூலங்கள் லம்டா, மியூ ஆகும்'. 

லம்டா, மியூ. இவை ஆர்? அல்பா, பீற்றா எங்கட வீட்டு ஆக்கள். ரெண்டு வருசமா அவையோட தான் நித்திரை கொண்டு எழும்பினன். லம்டாவையும் மியூவையும் நான் முன்னப் பின்னப் பாத்ததில்லை. அல்பா இருக்கிற இடத்தில லம்டாவைப் போட்டால் என்ன எண்டு இப்ப கேப்பீர். அப்ப எனக்கு அது தோணேல்லை. அல்பாவுக்கு வந்தது லம்டாவுக்கு வருமெண்டு என்ன நிச்சயம்? அதோட மிச்சமெல்லாம் கலைஞ்சு, எண்பத்திநாலும் முப்பத்தேழும் ஒண்டுக்குள்ள ஒண்டு பூந்து, நான் முழுசாச் செய்தது ஒண்டரைக் கேள்வி. அதிலயும் ஒரு இடத்தில எழுதி வெட்டினனான், மாஸ்ரர் வெட்டின மாதிரி.

இப்ப மங்கையைப் பற்றிச் சொல்லோணும். இவ்வளவு நேரமும் சொல்லாமல் விட்டிட்டன் பாரும், ஆனால் அவளிட்டத் தான் போய்க் கொண்டிருக்கிறன். மங்கையர்க்கரசி. எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவள். அவள் ஒரு கணக்கும் பாடமாக்கிறேல்லை. பேப்பரைப் பாத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், பிறகு ஒரு சிரிப்புச் சிரிப்பாள், பிறகு எழுதத் துவங்குவாள். சோதனை முடிஞ்சு வீட்டுக்கு வாற பஸ்ஸில அவளின்ர தோளில விழுந்து அழுதன். 'எடி, லம்டா மியூ எண்டு குடுத்திட்டாங்களடி, நான் ஒண்டும் செய்யேல்லை' எண்டு. 'விடு பரா, பாப்பம்' எண்டாள். அவளுக்கு மட்டும் தான் சொன்னது. அம்மாவுக்குக் கூடச் சொல்லேல்லை.

சோதனை மறுமொழி வந்துது. எனக்கு F. மங்கைக்கு நல்ல புள்ளி பிள்ளை, திறமான புள்ளி. முந்தின மாதிரி எண்டால் நேர கம்பஸ். வெட்டுப்புள்ளிக்கு மூண்டு குறைவெண்டு விட்டிட்டாங்கள். மூண்டு. அவள் அறைக்குள்ள போய்ப் படுத்தவள் தான். கதை இல்லை, சாப்பாடு இல்லை. நாலாம் நாள் அவளின்ர அம்மா வந்து என்னைக் கூட்டிக் கொண்டு போனவ, 'நீ ஒருக்கா வந்து கதை பிள்ளை, உன்னோட எண்டால் கதைப்பாள்' எண்டு. போனன். சுவரைப் பாத்துக் கொண்டு படுத்திருக்கிறாள். கதைக்கத் தெரியாத நேரம் நான் கனக்கக் கதைப்பன், அது என்ர வியாதி. 'எடி மங்கை, எனக்கும் தானடி. எனக்கும் வெட்டுப்புள்ளியால தான் போச்சு. ரெண்டு புள்ளி' எண்டிட்டன்.

பாத்தீரோ. அவளுக்கு மூண்டு, நான் ரெண்டு எண்டன். பொய்யிலயும் அவளை விட ஒரு புள்ளி கூட.

அவள் திரும்பி என்ர முகத்தைக் கனநேரம் பாத்தாள். பாத்திட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாள். நாலு நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு. எழும்பி வந்து சோறு திண்டவள். அவளின்ர அம்மா என்ர கையைப் பிடிச்சுக் கொண்டு அழுதவ. அந்தப் பொய் என்ர வாயிலயிருந்து வந்ததில நல்லது செய்த ஒரே இடம் அது தான். அங்கயே விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வர அப்பா வாசலில நிக்கிறார், 'மறுமொழி என்ன?' எண்டு. பொய் வாயில சுடச்சுட இருந்துது. சொல்லிட்டன்.

கச்சான் கடலை வாங்குவமே? முறிகண்டிப் பிள்ளையாரடி வந்திட்டுது. இறங்கும், இறங்கி ஒருக்காக் கும்பிட்டிட்டு வருவம். பையை இதில வையும், ஒருத்தரும் எடாயினம். எடுத்தாலும் நாலு கொப்பியைக் கண்டு திருப்பி வைச்சிடுவினம்.

ம், சூடாக் கிடக்கு, சாப்பிடும். எங்க விட்டனான்?

ஓ, இஞ்சினியர். பொய் சொன்னால் அதுக்கேத்த மாதிரி நடக்கவும் வேணும் தானே. எங்கட வீட்டுக்கு மேல்மாடி கட்டேக்க மேசன் ஆள் படிக்கு அளவு போட்டவர். நான் இஞ்சினியரிங் தவறின ஆள் பாத்துக் கொண்டு சும்மா நிக்கலாமே? பென்சிலை வாங்கினன். மொத்த உயரத்தை இத்தினை படியால பிரிச்சு, ஒரு படிக்கு இவ்வளவெண்டு சுவரில எழுதிக் குடுத்தன். மேசன் 'அம்மா, கடைசிப் படி இடிக்கும் போல' எண்டவர். 'நீர் படிச்சனீரோ, நான் படிச்சனானோ?' எண்டன். இண்டைக்கும் எங்கட வீட்டில கடைசிப் படி மட்டும் மற்றப் படியளை விட நாலு அங்குலம் உயரம். வீட்டுக்கு வாற எல்லாரும் அதில தடக்குப்படுவினம். மருமோன் கலியாணத்தண்டே தடக்குப்பட்டவர், அவர் உண்மையான இஞ்சினியர், நீர்ப்பாசனம். எழும்பி வேட்டியைத் தட்டிப் போட்டுச் சொல்லுறார், 'பரவாயில்லை மாமி, தரப்படுத்தல் தான் காரணம்' எண்டு. ஆர் சிரிச்சது, எல்லாரும் தான். நானும் சிரிச்சன், வேற என்ன செய்யிறது.

மங்கை பேந்து லண்டனுக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டாள். அங்க ஒரு கடையில காலம் முழுக்க நிண்டு வேலை செய்தவளாம். அந்த மூளையைக் கொண்டு போய்க் கடையில நிப்பாட்டினது. கொஞ்ச நாள் கடிதம் வந்துது, பிறகு சண்டை, இடம்பெயர்வு, விலாசமெல்லாம் மாறிப் போச்சு. போன வருசம் ஒரு நாள் போன் அடிக்குது.

'பரா, நீ உயிரோட இருக்கிறியோடி?'

'நான் இருக்கிறன், முழங்கால் ரெண்டும் தான் செத்துப் போச்சு. ஆரது?' எண்டன், ஆரெண்டு தெரிஞ்சு கொண்டே.

அம்பது வருசம் ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சுது. அவளின்ர மனுசன் செத்திட்டார், என்ரயும் செத்திட்டார், அவளுக்குச் சீனி, எனக்குப் பிறஷர். பேந்து சொல்லுறாள், 'மகள் மூளைக்கு வேலை குடு எண்டு சொல்லிக் கட்டத்துக்குள்ள நம்பர் போடுற விளையாட்டு வாங்கித் தந்தவள். ரெண்டு நாளில அலுத்துப் போச்சு. ஒரு பழைய தூய கணிதப் பேப்பர்ப் புத்தகம் எடுப்பிச்சனான். தனியச் செய்ய மனமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கணக்கு எழுதிப் படமெடுத்து அனுப்புறன், நீ செய்து அனுப்பு.'

'எனக்கு உதெல்லாம் மறந்து போச்சு, மங்கை.'

'உனக்கு மறக்குமே? ரெண்டு புள்ளியால விட்ட ஆளெல்லே.'

பிள்ளை, எனக்குப் பிறஷர் ஏறினது காதுக்குள்ள கேட்டுது.

அடுத்த நாள் விடிய வட்ஸ்அப்பில கணக்கு வந்திட்டுது. எல்லை காணிற கணக்கு. நான் அதைப் பாத்தன், அது என்னைப் பாத்துது. இல்லை எண்டு சொல்லலாம் தானே எண்டு கேப்பீர். எப்பிடிச் சொல்லுறது? அவளுக்கு நடந்தது உண்மை. அவளின்ர காயத்தை எடுத்து நான் பூசிக் கொண்டு, ஊர் முழுக்கக் காட்டி மதிப்பு வாங்கினனான். அது தெரிஞ்சால் அவள் பிறகு என்னோட கதைப்பாளே? இவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைச்சவள்.

மருமோனிட்டப் போனன். 'தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ, நான் செய்திட்டன், சரியோ எண்டு பாக்கத்தான்' எண்டன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு, 'மாமி, இதெல்லாம் சோதனையோட மறந்தாச்சு. இப்ப கொம்பியூட்டர் தான் செய்யும்' எண்டார். உண்மையான இஞ்சினியரின்ர கதை இப்பிடி. பேத்தியின்ர போனில ஒண்டு இருக்கு, கணக்கைப் படமெடுத்தால் விடை எழுதித் தரும். அவள் பள்ளிக்கூடம் போன நேரம் படமெடுத்தன். வடிவா வந்துது. அப்பிடியே கொப்பியில எழுதி அனுப்பினன். பாடமாக்கின ஆளுக்குப் பாத்து எழுதிறது பெரிய காரியமே?

மங்கை எழுதினாள், 'பரா, விடை சரி. ஆனால் உது ஆரோ பிரெஞ்சுக்காரன்ர விதியெல்லே. அருளம்பலம் மாஸ்ரர் உதைப் படிப்பிக்கேல்லையே.'

'நான் பேந்து புத்தகம் பாத்துப் படிச்சனான்' எண்டு அனுப்பினன்.

'நல்லது. நாளைக்கு எங்கட முறையில செய்.'

என்ன செய்யிறது? ரவுணுக்குப் போய் ஒரு பழைய வினாத்தாள் புத்தகம் வாங்கினன். கடைக்காரர், 'பேரப்பிள்ளைக்கோ அம்மா?' எண்டார். 'ஓம், கொஞ்சம் மொக்குப் பிள்ளை' எண்டன். குசினிக்குள்ள அரிசிப் பேணிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சுச் செய்யத் துவங்கினன். முதல் மாசம் சோறு மூண்டு தரம் அடிப்பிடிச்சுது. மகள் என்னை டொக்ரரிட்டக் கூட்டிக் கொண்டு போகப் பாத்தாள், அம்மாவுக்கு ஞாபக மறதி துவங்கிட்டுது எண்டு. ஞாபகம் தான் எனக்குப் பிரச்சினை எண்டு அவளுக்குத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால், முன்னால முப்பத்தேழாம் கணக்கு நிண்டு தேவாரம் பாடுது. அதைத் தள்ளிப் போட்டு, உண்மையா என்ன கேட்டிருக்கு எண்டு பாக்க எனக்குக் கன நாள் எடுத்துது.

ஒரு நாள் வெங்காயம் வெட்டிக் கொண்டிருக்கிறன். பக்கத்தில கொப்பி. எக்ஸில அல்பாவைக் கழி, எக்ஸில பீற்றாவைக் கழி, ரெண்டையும் பெருக்கு. பெருக்கி விரிச்சுப் பாத்தன். நடுவில அல்பாவும் பீற்றாவும் கூடிக் கொண்டு நிக்கினம், கடைசியில ரெண்டும் பெருகிக் கொண்டு நிக்கினம். அவ்வளவு தான். இதைத்தான் ரெண்டு வருசம் 'மூலங்களின் கூட்டுத்தொகை, மூலங்களின் பெருக்கம்' எண்டு ஒப்புவிச்சனான். ஏனெண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. ஏனெண்டு ஒண்டு இருக்கெண்டே தெரியாது. உமக்கு இது சின்ன விசயம், நாளைக்கு நாலு தரம் படிப்பிப்பீர். எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது. மகள் வந்து, 'வெங்காயத்தைத் தண்ணிக்குள்ள போட்டு வெட்டுங்கோவன் அம்மா' எண்டு போட்டுப் போனாள்.

அதுக்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது, சொன்னால் நம்ப மாட்டீர். ஒரு நாளைக்கு ஒண்டு போதாமல் போச்சு. மங்கை ஒண்டு அனுப்ப நான் ரெண்டு செய்வன். கனக்கப் பிழைக்கும். ஒரு கணக்கு மூண்டு நாள் என்னைத் திண்டது, கடைசியில பாத்தால் கூட்டுற சக போட வேண்டிய இடத்தில கழிக்கிற சய போட்டிருக்கிறன். ஆனால் என்ர பிழை, மாஸ்ரரின்ர பிழை இல்லை. அந்தத் தொகுத்தறிவுக் கணக்கு இருக்கெல்லே, அது வந்த நாள் மட்டும் எனக்கு ஓடி ஒளிக்க வேணும் போல கிடந்துது. முதல்ல ஒண்டுக்குச் சரியோ எண்டு பாக்கோணும். பிறகு கே க்குச் சரியெண்டு எடுத்துக் கொண்டு, கே சக ஒண்டுக்கும் சரியெண்டு காட்டோணும். நான் இதைத்தானே அம்பது வருசம் செய்தனான். அப்பாவுக்குச் சரியெண்டால் மாமாவுக்கும் சரி, மாமாவுக்குச் சரியெண்டால் மாப்பிள்ளை வீட்டுக்கும் சரி, மாப்பிள்ளைக்குச் சரியெண்டால் பல்டொக்ரருக்கும் சரி. ஒவ்வொரு படியும் வடிவா ஏறும். முதல் படி மட்டும் பொய்.

மங்கையில எனக்கு ஒரு கவலை, அதையும் சொல்லோணும். அவளுக்குக் கண் தெரியேல்லைப் போல. இல்லாட்டிக் கை வழங்கேல்லை. அவள் அனுப்புற கணக்குகள் சிலது என்ர புத்தகத்திலயும் இருக்கு. ஒரு நாள் ஒத்துப் பாத்தன். புத்தகத்தில லம்டா, மியூ. அவள் எழுதினதில அல்பா, பீற்றா. சரி, தவறிப் போச்சாக்கும் எண்டு விட்டன். பேந்தும் அப்பிடி. அஞ்சாறு கணக்கு பாத்திட்டன், எங்க லம்டா வந்தாலும் அவள் அல்பா போட்டுத்தான் அனுப்புறாள். லம்டாவின்ர காலை வளைச்சு எழுத அவளின்ர விரல் மடங்கேல்லையாக்கும், சீனி வருத்தம் எல்லாத்தையும் பிடிக்கும். நான் கேக்கேல்லை. வயசு போன ஆளிட்ட உதெல்லாம் கேட்டு மனதை நோகடிக்கலாமே.

இப்ப அவள் கொழும்புக்கு வந்திருக்கிறாள், சொந்தத்துக்குள்ள ஒரு பெறாமகளின்ர கலியாணத்துக்கு. வெள்ளவத்தையில நிக்கிறாள். வா எண்டாள். அதுதான் போறன். போய்ச் சொல்லப் போறன், பிள்ளை. எட்டு மாசமா விடிய எழும்பி முதல் கதைக்கிறது அவளோட தான். பொய்யை வைச்சுக் கொண்டு அவளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது? என்ன சொல்லுறதெண்டு ஒரு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். எழுதி என்ன செய்தன் எண்டு நீரே சொல்லும். ஓம். பாடமாக்கிட்டன். 'மங்கை, நீ அறியாத ஒரு விசயத்தை உனக்கு இண்டைக்கு நான் சொல்லப் போறன். கேட்டால் நீ என்னை வெறுப்பாய், ஆனாலும் முழுக்கக் கேள்.' அப்பிடித் துவங்கும். மிச்சம் அங்க சொல்லுவன். கமா எல்லாம் சரியா இருக்கு.

அவள் எழும்பிப் போனால்? போகட்டும். போக அவளுக்கு உரிமை இருக்கு. ஆனால் இந்த வயசில காலமை எழும்பிப் போனைப் பாக்க ஒண்டும் இல்லாமல் கிடந்தால் எப்பிடி இருக்குமெண்டு...

நித்திரை வருகுதோ? கொள்ளும், கொள்ளும். விடைத்தாளை இஞ்சால தாரும், விழுந்திடும். நான் பாக்க மாட்டன். ஒண்டை மட்டும் பாக்கிறன்.

பிள்ளை. எழும்பும் பிள்ளை. தெஹிவளை வந்திட்டுது எண்டு கண்டக்டர் சொன்ன மாதிரிக் கேட்டுது, இல்லை, அது அங்கால, வெள்ளவத்தை தான் முதல் வரும். எனக்கு இந்தக் கொழும்பு ஒரு நாளும் விளங்கினதில்லை.

உம்மட பேனையைக் கேக்காமல் எடுத்திட்டன். இந்தாரும். உம்மட பிள்ளை ஒண்டு மூண்டாம் கேள்வியில சய விட்டிருக்கு. பாவம், புள்ளியைக் கனக்கக் குறையாதையும்.

நீர் நித்திரை கொள்ளேக்க மங்கையிட்டயிருந்து ஒண்டு வந்துது. இதைப் பாரும். கண்ணாடி வேணுமே? நான் வாசிக்கிறன். 'பரா, இண்டைக்கு ஒண்டை மாத்தாமல் அனுப்புறன். பஸ்ஸில செய்து கொண்டு வா.' கீழ கணக்கு. என்ன எழுதியிருக்கு? லம்டா. மியூ. அவளின்ர கையெழுத்தில, கால் வளைச்சு, முத்து முத்தா.

பஸ் புத்தளத்தில நிக்கேக்க வந்தது. அதிலயிருந்து யோசிச்சுக் கொண்டு வாறன். மாத்தாமல் எண்டால், இவ்வளவு நாளும் மாத்தித்தானே அனுப்பியிருக்கிறாள். ஏன் மாத்தினவள்? லம்டா, மியூவில எனக்கு என்ன நடந்ததெண்டு இந்த உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. அண்டைக்குப் பஸ்ஸில அவளின்ர தோளில விழுந்து அழுதன் எண்டு உமக்குச் சொன்னனான் தானே? நான் தான் சொன்னனான். என்ர வாயால சொல்லிப் போட்டு, அச்சுக்கூட மூளைக்கு அதை வைச்சு ஒரு கணக்குப் போடத் தெரியேல்லை. ஒண்டும் செய்யேல்லை எண்டு அழுதவள், பேந்து வந்து ரெண்டு புள்ளியால போச்சு எண்டால், மங்கை மாதிரி ஆளுக்கு விளங்காதே? அந்தப் படுக்கையில திரும்பி என்ர முகத்தைக் கனநேரம் பாத்தவள். பாத்திட்டுச் சிரிச்சவள். கணக்கு விளங்கினால் சிரிக்கிற அதே சிரிப்பு.

அவளுக்கு மூண்டு புள்ளி போய்க் கிடக்கிற நேரம், நான் ரெண்டெண்டு சொல்ல, அது பொய்யெண்டு தெரிஞ்சு கொண்டே எழும்பிச் சோறு திண்டிருக்கிறாள்.

இல்லை, அழேல்லை. காதுக்குள்ள காத்துப் போட்டுது. யன்னலைச் சாத்தும்.

கணக்கோ? செய்திட்டன். முதல்ல, நாலாவது கொப்பியில, கணக்குக்குப் பக்கத்தில அல்பா, பீற்றா எண்டு மாத்தி எழுதிப் பாத்தன். பேந்து அதை வெட்டிப் போட்டு, லம்டாவோடயே செய்தன். வந்துது. நீர் பாத்துச் சரியோ எண்டு சொல்லுமன். இல்லை, சொல்லாதையும். அவள் பாக்கட்டும்.

ஆனால் இப்ப பாரும் என்ர நிலைமையை. ஒரு பக்கம் பாடமாக்கிக் கொண்டு வந்தனான். 'நீ அறியாத ஒரு விசயம்.' அறியாத எண்ட முதல் சொல்லே பிழை. முழுக்க வேற கேள்விக்கு எழுதின விடை. இனி வெள்ளவத்தைக்கு எவ்வளவு நேரம் கிடக்கு? அஞ்சு நிமிசமோ. அஞ்சு நிமிசத்தில புதுசா ஒண்டு எப்பிடிப் பாடமாக்கிறது?

சரி. பாப்பம். என்ன கேக்கிறாள் எண்டு முதல்ல கேப்பம்.

நிப்பாட்டுறான். கையை ஒருக்காப் பிடியும் பிள்ளை, இந்தப் பஸ்ஸின்ர கடைசிப் படி என்ர வீட்டுப் படியை விட உயரம். இதுக்கும் ஆரோ ரெண்டு புள்ளியால தவறின ஆள் தான் அளவு போட்டிருக்கோணும்.

அங்க பாரும், மங்கை. கறுப்புக் குடையோட, கண்ணாடி போட்டுக் கொண்டு. நல்லா மெலிஞ்சு போனாள். கண்டிட்டாள். சிரிக்கிறாள் பாரும், ஓம், உது தான்.

பைக்குள்ள கையை விட்டு அந்த நாலாவது கொப்பியை எடுத்து என்ர கையில தாரும். பணியாரம் பிறகு.